பாவாவின் மணிக்கட்டு

1955 மே 5, வியாழன். ரமலான் பிறை 11.

பாவாவின் மணிக்கட்டை உடைத்தது எங்கள் தெருக் காவல் சங்கம். லாந்தர் பிடித்து நின்றவன் நான்.

நோன்பு வைக்கும் சஹர் சாப்பாட்டுக்குத் தெருவை எழுப்ப, வருஷா வருஷம் அந்தப் பக்கீர் தாயிரா என்னும் கைப்பறையைக் கொட்டிப் பாடி வருவார். கடைவீதியில் மூன்று கடைகளின் பூட்டு உடைந்த பிறகு சங்கம் அமைத்தோம். கொட்டுச் சத்தத்தில் திருடன் காலடி கேட்காது என்று தாயிராவை நிறுத்தச் சொன்னதும் நாங்கள்தான். அதனால் இன்று விடியுமுன் ஒவ்வொரு கதவாக விரலால் தட்டிக்கொண்டு வந்தார். இருட்டில் கதவோரம் ஓர் ஆள் தெரிந்ததும் விசில் ஊதினார்கள். "நாந்தாம்ப்பா" என்று அவர் சொல்வதற்குள் தடி விழுந்துவிட்டது.

ராத்திரித் தொழுகைக்குப் பிறகு சங்கச் செயலாளர் மாமுவின் கடையில் கூடினோம். காவல் நோட்டில் 'திருட்டு முயற்சி தடுக்கப்பட்டது' என்று எழுதியிருந்தார். காலையில் அதைப் பார்க்கப் போலீஸ் வருகிறது. அந்த வரி இருந்தால் பாவா ஆஸ்பத்திரியிலிருந்து நேரே லாக்கப்புக்குத்தான் போவார்.

"பாவான்னு தெரிஞ்சுதானே எழுதியிருக்கீங்க மாமு?"

"அடிச்சோம்னு எழுதினா உள்ள போறது நாம. உன் பேரும் இதுல இருக்குது."

கூட்டத்தில் உட்கார்ந்திருந்த என் அத்தா சிரித்தார். "லாந்தர் புடிச்சவனுக்கே இத்தனை ரோசம். தடி புடிச்சவங்க பேசாமத்தான் இருக்காங்க."

நோட்டை மாமுவின் பக்கம் திருப்பி வைத்தேன்.

"அந்த வரிய வெட்டிட்டு, நாமதான் அடிச்சோம்னு எழுதுங்க. என் பேர முதல்ல போடுங்க."

மாமு பேனாவை மூடினார். இன்றைக்குக் காவலுக்குப் போகிறவர்களின் பெயர்களை வாசிக்க ஆரம்பித்தார். என்னுடையதையும் வாசித்தார்.

எழுதுங்கள் என்று மறுபடியும் சொன்னேன்.