ஷூ கடிக்கவில்லை, ஜெபா

அன்பு மகன் ஜெபகுமாருக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் தங்கச்சி ஷெர்லினும் சுகம். அப்பாவைப் பற்றி அப்படி எழுதக் கை வரவில்லை, நீ சுகமா என்பதும் எனக்கு இப்போது சந்தேகம்.

உன் ரூமில் இருக்கும் சாம்சன் லீவில் வந்தவன், நேற்று சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் என்னைப் பார்த்து, சேஃப்டி ஷூ கடிச்சு ஜெபாவுக்குக் கால் கட்டைவிரல் வீங்கிச் செவந்துபோச்சு ஆன்ட்டி, பெரிய சைஸ் ஷூ வாங்கிக்கினு, வலி மாத்திரை போட்டுக்கினு ஓவர்டைம் பாக்குறான் என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.  உன் அப்பாவும் ஷூ என்றுதான் சொன்னார். போர்வை பட்டாலே கத்துவார், ஷூ கடித்த காலுக்குப் போர்வையுமா வலிக்கும் என்று கேட்டால் கோபம். நொண்டிக்கொண்டு கம்பெனி லைனில் நின்றவரைப் பார்த்து சூப்பர்வைசர், இன்னா ரத்தினம் புதுமாப்ள நடை நடக்குறே என்பாராம். சில நாளில் வலி தானாகப் போகும், சில மாதத்தில் திரும்ப வரும். டாக்டர் இது கவுட், ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி மூட்டில் படிகிற வாதம் என்றபோது, அது கறியும் பிராந்தியுமா கீற பணக்காரனுக்கு வர்றது, கேண்டீன் சாம்பார் துன்றவனுக்கு இன்னாத்துக்கு வருது என்றார். அப்புறம் பயந்து கறி, பருப்பு, தக்காளி எல்லாவற்றையும் நிறுத்தினார். தினமும் போடச் சொன்ன யூரிக் ஆசிட் மாத்திரையையும், வலி இல்லாத நாளில் எதற்கு என்று நிறுத்திவிட்டார். மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை மட்டும் நிறுத்தவில்லை. போன வாரம் முகமும் காலும் வீங்கிவிட்டன, ஸ்ரீபெரும்புதூரில் காட்டினோம், கிட்னி பாதிதான் வேலை செய்கிறதாம், அந்த வலி மாத்திரையும் ஒரு காரணமாம். உனக்குச் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் சத்தியம் கேட்டார், நான் செய்யவில்லை.

போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதி சாம்சனிடம் கொடுத்தனுப்புகிறேன். நீயாக மாத்திரை வாங்காதே. டாக்டரிடம் போ, அப்பாவுக்கு இருப்பதைச் சொல், பிள்ளைகளுக்கும் வரக்கூடுமாம். யூரிக் ஆசிட்டோடு கிட்னியையும் பார்க்கச் சொல். வலி இருக்கும்போது எடுத்த டெஸ்ட் சரியாக இருந்தாலும் நம்பிவிடாதே, அடங்கியபின் இன்னொரு தடவை பார்க்க வேண்டுமாம். லைனை விட்டு பாத்ரூம் போக முடியாது என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதே. பீர் வேண்டாம், சாம்சன் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, எனக்கே தெரியும்.

கர்த்தர் உன்னைக் கைவிடமாட்டார், இரவும் பகலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது டாக்டர் என்ன சொன்னார் என்று சொல். வலி போய்டுச்சும்மா என்று மட்டும் சொல்லாதே. ஒவ்வொரு தடவையும் உன் அப்பா என்னிடம் அதைத்தான் சொன்னார்.

உன் அம்மா,
செந்தாமரை