மஹருக்கு வந்த சிவப்புக்கல் மாலை

அக். 28, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். மாடியில் காயப்போட்ட வற்றல் எல்லாம் பாழ். திட்டு எனக்கு. அடுத்த ஞாயிறு எனக்கும் சாதிக்குக்கும் நிக்காஹ், ஆனாலும் உம்மாவிடம் ஒரு சலுகையும் கிடையாது.

மாமி வந்தார்கள் (சாதிக்கின் உம்மா, டி.ஆர். பட்டினத்திலிருந்து ஆட்டோவில்). கையில் வெல்வெட் பெட்டி. உள்ளே சிவப்புக்கல் மாலை, நடுவில் மூன்று தொங்கல். அழகுதான், பொய் சொல்லக் கூடாது.

"அஞ்சு பவுன் மஹர்னு பேசினோம்ல. அதுக்குப் பதிலா இது. மதிப்பு நாப்பத்தஞ்சாயிரம், அட்டையிலயே போட்டிருக்கு பாருங்க."

ஐந்து பவுன் இன்றைய விலைக்கு நாற்பதைத் தொடாது. உம்மாவுக்கு வாயெல்லாம் பல். வாப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் படித்தார். கையெழுத்து, முத்திரை, தங்க நிறத்தில் நட்சத்திரம்.

மஹர் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது, எனக்கே எனக்கு. வாப்பாவும் கேட்க முடியாது, சாதிக்கும் கேட்க முடியாது. தையல் மிஷின் இரண்டு, பட்டினம் கடைத்தெருவில் சின்னதாக ஓர் இடம் என்று மனசுக்குள் முடிவு செய்து வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லவில்லை. பவுன் என்றால் எடுத்துக்கொண்டு போய் விற்கலாம். கல்லை என்ன செய்வது?

வாங்க: ஊக்கு, வெள்ளை நூல், மருதாணி (கோன் வேண்டாம், இலை).

அக். 30, செவ்வாய்

கரண்ட் போய்ப் போய் வந்தது. பத்து மணிக்கு டிவி தானாக உயிர் பெற்றது. தீபாவளிச் சிறப்பு விற்பனையாம். ஒரு பெண் கழுத்தில் என் மாலை.

அதே மூன்று தொங்கல், அதே பெட்டி, அட்டையில் அதே நட்சத்திரம். "சந்தை மதிப்பு நாற்பத்தைந்தாயிரம்! இன்று மட்டும் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு! கடைசி ஐந்து செட்!"

உம்மா தேங்காய் மூடியோடு வந்து நின்றார்கள். "கலரு ஒரே மாதிரி இருக்கலாம்ல?" நான் பெட்டியைத் திறந்து டிவி பக்கத்தில் வைத்தேன். உம்மா தேங்காய் மூடியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அக். 31, புதன்

இன்றும் கடைசி ஐந்து செட். நேற்று ஊரில் ஒருவரும் வாங்கவில்லை போலிருக்கிறது.

வாப்பாவிடம் சொன்னோம். "பள்ளிவாசல் ஜமாஅத்துல போய்க் கேக்கறேன். எம்மவளுக்குக் கண்ணாடிக் கல்லா?" சட்டையை மாட்டிவிட்டார். கையைப் பிடித்து உட்கார வைத்தேன். கோபம் எனக்கும்தான். ஆனால் தெரிந்து செய்தார்களா, தெரியாமலா? அது தெரியாமல் அந்த வீட்டுக்குள் எப்படிக் கால் வைப்பது?

மாமிக்கு போன் போட்டேன். "மாமி, கல்லு எனக்கு ஒத்துக்குமோ என்னமோ. மாலையை வித்து அஞ்சு பவுனா வாங்கிக் குடுத்துடுங்க. மீதி அஞ்சாயிரம் நீங்களே வச்சுக்கங்க."

"நல்ல யோசனைடி! பெட்டியக் குடுத்தனுப்பு, நாளைக்கே போறேன்."

ஒரு தயக்கமும் இல்லாத குரல். மாமிக்குத் தெரியாது. நிம்மதி. ஆனால் எந்தக் கடையில் போய் நிற்கப் போகிறார்களோ.

நவ. 2, வெள்ளி

நல்ல மழை. ஜும்ஆ தொழுகை முடிந்ததும் மாமி, முழுக்க நனைந்து. பெட்டியை என் மடியில் வைத்தார்கள்.

"நாலு கடை ஏறி எறங்கினேன். ஒருத்தன் தராசுலயே வைக்கல. பித்தளைக்கு மேல முலாம்ங்கறான். கல்லுக்கு வெலையே கெடையாதுங்கறான். எவ்வளவுக்கு எடுத்தீங்கன்னு கேட்டுச் சிரிக்கிறான்." கண் சிவந்திருந்தது. "நான் ஏமாத்தலடி. நாப்பத்தஞ்சாயிரம் பொருளு சகாயமா கெடைக்குதேன்னு வாங்கினேன்."

வாப்பா, விறைப்பாக: "மாப்புள்ள வெளிநாட்டுலேந்து அஞ்சு பவுனுக்குப் பணம் அனுப்புனாருல்ல? மீதி எங்கங்க?"

மாமி என்னைப் பார்த்துத்தான் சொன்னார்கள். "உன் ரூமோட சேத்து பாத்ரூம் கட்டினேன். மழையில கொல்லைக்கு ஓட வேணாமேன்னு. நீல டைல்ஸ்."

மூன்று நாளாக வாப்பா சேர்த்து வைத்திருந்த கோபத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. எழுந்து உள்ளே போய்விட்டார். சுவர்ப் பக்கம் திரும்பிச் சிரித்ததை நான் பார்த்தேன். உம்மா துண்டு எடுத்து வந்து மாமியின் தலையைத் துவட்டினார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் மிஷின் எல்லாம் டைல்ஸாகிவிட்டது.

நவ. 3, சனி

சாதிக் ஊர் வந்து சேர்ந்தாயிற்று. இரவு போன். என்னிடம் பேசிய முதல் பேச்சே இதுதான்.

"உம்மா எல்லாம் சொன்னாங்க. எங்கையில இப்ப ரெண்டு பவுன்தான் இருக்கு. நாளைக்கு சபையில ரெண்டுன்னே சொல்லிடவா? அஞ்சுன்னு சொல்லிட்டு முழிக்க என்னால முடியாதுங்க."

ரெண்டுன்னே சொல்லுங்க என்றேன். ஒரு மிஷின் வரும். வாசலில் போட்டுத் தைக்கலாம். இந்த ஆளைப் பிடித்திருக்கிறது.

நவ. 4, ஞாயிறு

வெயில்! ஒலிபெருக்கியில் மஹர் இரண்டு பவுன் என்று கேட்டதும் என் பின்னால் குசுகுசு. "அஞ்சுன்னாங்களே?" மாமி தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மாலையை நானே எடுத்துப் போட்டிருந்தேன். பூவத்திலிருந்து வந்த பெரியம்மா தொங்கலைத் தொட்டுப் பார்த்து, "பெரிய வெலையா இருக்குமே?" என்றார்கள்.

"நாலாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு பெரியம்மா. மாமி வாங்கிக் குடுத்தது."

மாமி நிமிர்ந்து பார்த்தார்கள்.

நவ. 7, புதன் (பட்டினம்)

பாத்ரூம் அருமை. குழாயில் மட்டும் தண்ணீர் வரவில்லை. சொல்லவில்லை, இரண்டு நாள் போகட்டும்.

காலையில் டிவியில் அதே பெண், அதே மாலை. சந்தை மதிப்பு அறுபதாயிரமாம். விலை மட்டும் பழையதே. மாமி மீன் கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நேராக போனுக்குப் போய், திரையில் ஓடிய நம்பரைச் சுழற்றினார்கள்.

"அறுபதாயிரமா தம்பி? எங்கிட்ட ஒண்ணு இருக்கு. முப்பதுக்குத் தர்றேன், நீங்களே எடுத்துக்கங்களேன்."

கொஞ்ச நேரம் காதில் வைத்திருந்தார்கள். "வச்சிட்டான்டி."

மறுபடி நம்பரைச் சுழற்றுகிறார்கள்.