வெல்லத்தைக் குறைக்காதே, வெரோனிகா

சேசு மரி சூசை துணை

செஞ்சி
ஜனவரி 3

அன்பு மகள் வெரோனிகாவுக்கு, ராஜகிரி முதலான மூன்று மலைகளுக்கும் மானசீக அதிபதியும், கலியாணம் என்னும் பேராபத்திலிருந்து ஐம்பத்தெட்டு வருஷமாகத் தப்பித்து வருபவனும், உன் நைனாவுக்குக் கூடப்பிறந்த ஒரே தலைவலியுமான ஆரோக்கியம் சித்தப்பா எழுதுவது. இங்கே உன் அம்மா, நான், இரண்டு ஆடு, எல்லாரும் சுகம். உன் நைனாவுக்கு உடம்பு சுகம், வாய்தான் எட்டு மாசமாகச் சரியில்லை, அது உனக்கே தெரியும். உன் சுகத்தை நீ எழுதித்தான் நான் அறிய வேண்டும், ஆனால் வேளாவேளைக்குச் சாப்பிடவில்லை என்பதை மெல்போர்ன் வரைக்கும் மூக்கை நீட்டி மோந்து தெரிந்துகொண்டேன். போனில் சொல்லாமல் ஏன் கடுதாசி என்று கேட்பாய். நான் போனில் பேசினால் உன் நைனா பக்கத்து அறையில் தூங்குவதுபோல் குறட்டை விட்டுக்கொண்டே ஒரு எழுத்து விடாமல் கேட்பார், அதனால்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு அங்கே குக்கீஸ் சுடுகிற கடையில் சேர்ந்தது தப்போ, நைனா பேசாமல் இருப்பது தாங்கவில்லை, பழைய வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று நீ அம்மாவுக்கு அனுப்பிய சேதியைப் பார்த்தேன். போகக் கூடாது. இது அரச கட்டளை. எட்டு வருஷ முற்றுகையைத் தாங்கிய ஊரில் பிறந்தவள், ஒரு மனுஷனின் எட்டு மாச மௌனத்துக்குக் கதவைத் திறந்துவிடுவாயா? பிஸ்கட் என்றால் கடையில் பாக்கெட் வாங்கி டீயில் நனைத்துத் தின்பது, அதைச் சுடுவதற்கு ஒரு பொண்ணு எம்.எஸ். படிக்க வேண்டுமா என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது வாஸ்தவம். அவர் நாக்குக்கு மேரி பிஸ்கட்டைத் தவிர வேறு தெய்வம் கிடையாது. உன் சின்ன வயசில் நீயும் நானும் கிரீம் பிஸ்கட்டில் கிரீமை மட்டும் நக்கிவிட்டு ஒட்டி வைப்போம், இந்தக் கம்பெனிக்காரன் கிரீமே வைக்க மாட்டேங்கிறான் என்று அதையும் தின்ற நாக்கு அது. அந்த நாக்கின் தீர்ப்புக்குப் பயந்தா நீ வேலையை விடப்போகிறாய்? எனக்கு ஜாதி பேதம் இல்லை. பஸ் ஸ்டாண்டு தேங்காய் பிஸ்கட், பெட்டிக்கடைக் கண்ணாடி பாட்டிலில் இருக்கும் வெண்ணெய் பிஸ்கட், வீட்டு நெய் பிஸ்கட், எதுவானாலும் ஒரே நீதி, தட்டில் மிச்சம் இருக்கக் கூடாது.

அதனால்தான் இந்தக் கிறிஸ்மஸுக்கு வேர்க்கடலை குக்கீஸ் என்று நீ வாட்ஸ்அப்பில் செய்முறை அனுப்பிய நம் மல்லாட்டை குக்கீஸையே நம் வீட்டில் போடுவது என்று உன் அம்மாவும் நானும் சதி செய்தோம். சிங்கவரத்து மல்லாட்டையை அவள் வறுத்தாள், நான் தோல் ஊதினேன், ஊதிய வேகத்தில் பாதித் தோல் பாண்டிச்சேரியில் போய் இறங்கியிருக்கும். நீ எழுதியபடியே வெண்ணெய், வெல்லத்தூள், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கிராம் மாற்றவில்லை. வழக்கம்போல மாவைத் தட்டில் அடுக்கி சுந்தரமூர்த்தி பேக்கரிக்குக் கொண்டுபோக வேண்டும். டிசம்பர் கடைசியில் நாற்பது வீட்டுத் தட்டுகள் அந்த ஒரே விறகு அடுப்பில் வேகும், எது யாருடையது என்று தெரிய வீட்டுக்கு வீடு ஒரு முத்திரை குத்துவோமே, நமக்கு உன் நைனாவின் சைக்கிள் சாவி. சாவியைக் கேட்டேன். இடுப்பில் முடிந்துகொண்டார். "அவ சொன்ன மாவுல என் ஊட்டு முத்திர உழக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் கோவிலுக்குக் குடில் கட்டப் போய்விட்டார். உன் அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். எனக்கு வந்த கோபத்தில் நம் கோட்டைக் கிருஷ்ணகிரி மலை நாலு அங்குலம் நகர்ந்தது. முத்திரையா இல்லை என்று பேக்கரி வாசலில் கிடந்த சோடா மூடியைக் கழுவி, எண்பது பிஸ்கட்டிலும் ஓங்கிக் குத்திக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சோடா மூடி எதிர்வீட்டுப் பச்சமுத்து குடும்பத்து முத்திரை என்பது கோபத்தில் மறந்துபோயிற்று. அவர்கள் வீட்டிலும் அரையாண்டு லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள் என்று அன்றைக்கே ஒரு தட்டு அனுப்பியிருக்கிறார்கள். டப்பா மாறிவிட்டது. கிறிஸ்மஸ் காலைப் பூசை முடிந்து வந்து உன் நைனா நம் டப்பாவைத் திறந்தார், குறை சொல்வதற்காகவே ஒன்றைக் கடித்தார். மாவு வேகவில்லை, சுண்ணாம்பு மாதிரி நாக்கில் ஒட்டுகிறது, இதுக்குத்தான் கடல் தாண்டினாளா என்றார். நானும் ஒன்று எடுத்தேன், மல்லாட்டையே இல்லை. புரிந்துபோயிற்று. வாயை மூடிக்கொண்டேன், என் வாழ்நாளில் நான் செய்த ஒரே தவம் அது.

பத்து மணிக்குப் பச்சமுத்து, தன் வீட்டுக்கு வந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் கண்ணடித்தேன், பாதி உயிர் அந்தக் கண்ணிலேயே போயிருக்கும், மனுஷன் பேச்சை நிறுத்திக்கொண்டார். உன் நைனா ஒன்று எடுத்தார். அப்புறம் ஒன்று. டீ வந்தது, நனைக்க மறந்துவிட்டார். ஆறாவதை எடுத்துக்கொண்டே பச்சமுத்து மகள் வளர்மதியைப் புகழ ஆரம்பித்தார். "இது கை. பொண்ணுன்னா இப்டி ஊரோட இருந்து நாலு பேரு வாய்க்கு ருசியா செய்யணும். எங்க ஊட்லயும் ஒண்ணு கீதே" என்றார். பச்சமுத்து என்னைப் பார்த்தார், நான் தலையசைத்தேன். "அமிர்து, எங்க மாவுல மல்லாட்டையே போடலியே. இது உங்க ஊட்டு டப்பா, மாறிப் போச்சி. நீ துன்னது வெரோனிகா பிஸ்கட்டு" என்று உன் நைனாவிடமே சொல்லிவிட்டார்.

உன் நைனா மெல்லுவதை நிறுத்திவிட்டார். துப்பவும் முடியாது, விழுங்கவும் முடியாது. உன் அம்மா கரண்டியும் கையுமாக வாசற்படியில் நிற்கிறாள். கடைசியில் விழுங்கினார். டீயைக் குடித்தார். யாரையும் பார்க்காமல், "வெல்லம் கொஞ்சம் தூக்கலா இருக்குது. சொல்லு அவகிட்ட" என்றார். எட்டு மாசத்தில் உன்னைப் பற்றி என்னிடம் நல்லபடியாக வந்த முதல் வார்த்தை. நான் தம்பிதான், தபால்காரன் இல்லை, வேணும்னா நீயே சொல்லு என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாள் காலையில் மாவு டப்பா மேல் சைக்கிள் சாவி கிடந்தது. உன் அம்மா அதைப் பார்த்துவிட்டு மல்லாட்டை வறுக்க உட்கார்ந்தாள்.

புதுவருஷத்துக்கு இன்னொரு தட்டு போட்டோம். அதில் பன்னிரண்டு இந்தப் பார்சலில் வருகிறது. பதினொன்றில் சாவி முத்திரை வரிசை பிசகாமல் இருக்கும், அது என் ராஜ கைவண்ணம். ஒன்றில் மட்டும் கோணலாக, அடிவரைக்கும் ஆழமாக விழுந்திருக்கும். அது நான் குத்தியது இல்லை. நான் பின்பக்கம் பல் தேய்க்கப் போயிருந்தபோது யார் குத்தினார்கள் என்று நீயே யோசித்துக்கொள். அதைக் கடைசியாகத் தின்னு.

வேலையை விடாதே. வெல்லத்தையும் குறைக்காதே, தூக்கல் என்று அவர் வாயாலேயே உனக்குப் போன் போட்டுச் சொல்கிற வரைக்கும் ஒரு கிராம் குறைக்கக் கூடாது. அங்கே இப்போது கோடையாமே, வெயிலுக்குத் தலையை மூடிக்கொண்டு போ. மாதாவும் அவள் மகனும் உன் கைக்கும் அடுப்புக்கும் காவல் இருக்கட்டும். பார்சல் வந்ததும் சேதி அனுப்பு, எனக்கு அனுப்பாதே, உன் நைனா போனுக்கு அனுப்பு.

இப்படிக்கு,
எந்தப் போரிலும் தோற்காத (எதற்கும் போகாத) உன் சித்தப்பா,
ச. ஆரோக்கியம்