கையெழுத்துப் போட்ட நாளும் சத்தியம் செய்த நாளும்

அப்பா,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகுக்காக எதையும் சேர்க்க மாட்டேன். சங்கடமாக இருக்கிறதே என்று எதையும் விடவும் மாட்டேன். நேரில் உங்களை 'நீ' என்றுதான் சொல்வேன். பேனாவை எடுத்தால் 'நீங்கள்' என்று வருகிறது. இருக்கட்டும்.

என் மடியில் உங்கள் ராணுவ டிஸ்சார்ஜ் புத்தகம் இருக்கிறது. ஆஸ்பத்திரி கவுண்டரில் கேட்பார்களோ என்று எடுத்து வந்தேன். கேட்கவில்லை. மருத்துவ அட்டையே போதும் என்று சொல்லிவிட்டார்கள். பிளாஸ்டிக் உறையைத் திறந்ததும் உங்கள் கறுப்பு டிரங்குப் பெட்டியின் அந்துருண்டை வாசனை குப்பென்று அடித்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மூக்கைத் தேய்த்துக்கொண்டு ஒரு நாற்காலி தள்ளிப் போய்விட்டார். நான் மூடவில்லை. அம்மாவைக் காலையிலேயே உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். இதய வால்வை மாற்றுகிறார்கள். மதியம் ஆகிவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சும்மா உட்கார்ந்து கதவைப் பார்ப்பதைவிட உங்களோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது.

அம்மாவுக்கு முதலில் மூச்சு வாங்கியது கம்பெனி பஸ்ஸின் படியில். லைனில் எட்டு மணி நேரம் நிற்பவளுக்கு மூன்று படி ஏற முடியவில்லை என்பதை அவளே நம்பவில்லை. ஸ்ரீபெரும்புதூர் டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, கொஞ்ச காலம் மாத்திரையில் ஓட்டலாம், பிறகு வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்றார். சொந்தக் காசில் ஆகிற காரியமில்லை. நீங்கள் பதறவேயில்லை. "மிலிட்டரி பாத்துக்கும். கார்டு போட்டா போதும்" என்றீர்கள். வீட்டில் யாருக்கும் பெரிதாக ஒன்றும் வராததால், நீங்கள் அந்த மருத்துவ அட்டையை அதுவரை வாங்கியிருக்கவே இல்லை.

காஞ்சிபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நானும் வந்தேன். வரிசையில் நிற்கும்போது படிக்க ஒரு புத்தகத்தையும் கொண்டுவந்தேன். பாதிப் பக்கம்கூடப் படிக்கவில்லை. ஜன்னலுக்குப் பின்னாலிருந்த மேடம் உங்கள் காகிதங்களை இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"சார், புக்ல சேர்ந்த தேதி ஒண்ணு இருக்கு. பென்ஷன் ஆர்டர்ல அதுக்கு எட்டு மாசம் முன்னாடி ஒரு தேதி இருக்கு. எது சார் கரெக்ட்?"

"புக்ல இருக்கறதுதான் மேடம்."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க."

"யோசிக்க இன்னா இருக்கு மேடம்? நானே சொல்லி எழுத வெச்சது."

அவர் கோபப்படவில்லை. இரண்டு தேதியும் ஒன்றாகும்வரை அட்டைக்கு அனுப்ப முடியாது. பென்ஷன் ஆர்டர் ஆவணத்தைப் பார்த்துப் போட்டது, அதனால் புத்தகத்தில் இருப்பது தவறு என்று ஒரு மனு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், மேலே அனுப்பித் திருத்தி வாங்கலாம் என்றார். நீங்கள் விறைப்பாக நின்று நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தீர்கள்.

வாலாஜாபாத் வழியாக வரும் பஸ்ஸில் எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்தீர்கள். ஊரைத் தாண்டிய பிறகு தேதியைப் பற்றி நானே கேட்டேன். அப்போதுதான் சொன்னீர்கள். ராணுவத்திலிருந்து வெளியே வரும் நாளில் ஒரு கிளார்க் எதிரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாராம். 'எப்போது சிப்பாய் ஆனாய்?' என்று அவசரத்தில் கேட்டாராம். நீங்கள் கசம் பரேடு நடந்த நாளைச் சொல்லிவிட்டீர்கள். பயிற்சி முடிந்த பிறகு, கொடிக்கு முன்னால் நின்று, நாட்டுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று சத்தியம் செய்கிற அணிவகுப்பு அது.

"அதுக்கு முன்னாடி நீ யாருப்பா?"

"ரெக்ரூட்டு. மொட்டத் தல, காக்கி டவுசரு. ஓடுன்னா ஓடணும், உருளுன்னா உருளணும். சோல்ஜர் இல்லமா."

"சம்பளம் குடுத்தாங்கல்ல?"

"குடுத்தாங்க."

"அப்ப சர்வீஸ்தான?"

"சம்பளம் கம்பெனிலகூடதான் குடுக்கறாங்க. அதுக்காக அங்க யாராவது சத்தியமா பண்றாங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. ஒரகடம் வரும்வரை முன் சீட்டுக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

அன்று மாலையே மனுவை எழுதினேன். அந்த மாதிரி வேலை எனக்குப் பிடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மார்ஜின் விட்டு, 'பெறுநர்' போட்டு, 'தவறுதலாகப் பதிவாகியுள்ளது' என்று எழுதி நீட்டினேன். அந்த வரிக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"என் வாயால சொன்ன நாள தப்புன்னு எழுதி நான் கையெழுத்து போட மாட்டேன்."

ஒரு வாரம் அந்தக் காகிதம் டி.வி. மேலேயே கிடந்தது. அம்மா உங்களிடம் சண்டை போடவில்லை. மொட்டை மாடியிலிருந்து துணியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவள், சுவரைப் பிடித்தபடி என்னிடம் சொன்னாள்: "உங்க அப்பாக்கு கொடி முன்னாடி நின்ன நாளு பெருசு. எனக்கு மாடி ஏறிட்டு எறங்குற நாளே பெருசு." உங்களுக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள். கேட்டது. ஏற்கெனவே பளபளத்த ஷூவுக்கு நீங்கள் மறுபடியும் பாலிஷ் போட்டீர்கள். உங்கள் கண்ணில் இருந்தது வீம்பு இல்லை என்று எனக்குப் பட்டது. என்னவென்றுதான் தெரியவில்லை.

தெரிந்தவர் ஒருவர்தான் இருக்க முடியும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை படப்பைக்குப் போய் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் தேவா மாமாவைப் பிடித்தேன். நீங்களும் அவரும் சேர்ந்துதான் ஆள் எடுப்புக்குப் போனீர்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும். அவர் காலை இழுத்து நடப்பதை ஏதோ ஆட்டோ விபத்து என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

"ஏறு பாப்பா, முன்னாடி உக்காரு" என்றார். ஓட்டிக்கொண்டே முழுவதையும் கேட்டார். ஒரகடம் ஜங்ஷனில் எல்லோரையும் இறக்கினார். "இன்னும் ஸ்டாப்பிங் வரலியே" என்ற ஒருவரிடம், "குடும்ப விஷயம் சார், காசு வாணாம்" என்றார். நேரே நம் வீட்டுக்கு வண்டியை விட்டார்.

"இன்னா மச்சான், தேதி தர மாட்டேங்கிறியாமே?"

"நீ உன் வேலயப் பாரு தேவா."

"வேலய வுட்டுட்டுதான் வந்துகீறேன். சொல்லு. நீ எந்த நாள்லேந்து பட்டாளத்தான்?"

"கசம் பரேடுலேந்து."

"அப்ப நானு?"

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஒரே பெஞ்சுல உக்காந்து கையெழுத்து போட்டோம்டா. பேனாகூட என்னுது. உன்னோடதான் ஓடனேன், உன்னோடதான் உருண்டேன். கயித்துலேந்து வுழுந்து காலு போச்சு. நீ கொடி முன்னாடி நிக்கறப்ப நான் ஆஸ்பத்திரில பெட்பேன் கேட்டுக்கினு கெடந்தேன். அதோட வூட்டுக்கு அனுப்பிட்டானுங்க. அந்த மாசமெல்லாம் கணக்குலயே இல்லன்னு நீ சொன்னா, இந்தக் காலு எங்கடா ஒடஞ்சுது? கோயில் திருவிழாலயா?"

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். நீங்கள் அவர் காலைப் பார்த்தீர்கள். பேசியபோது குரல் சின்னதாக இருந்தது.

"அன்னிக்கு சத்தியத்த உனக்கும் சேத்துதான்டா சொன்னேன். அதான் அந்த நாள வுட மனசு வரல."

தேவா மாமா உங்கள் கிட்டே வந்து உட்கார்ந்தார். அப்புறம், "யாரு சொல்லச் சொன்னா உன்ன? எனக்கு அந்த பெஞ்சுல உக்காந்த நாளு ஒண்ணுதான்டா கீது. அதையாவது ஒழுங்கா எழுதி வை" என்றார்.

நான் டி.வி. மேலிருந்த காகிதத்தை எடுத்துக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். நான் படையில் சேர்ந்த நாள் இது. சத்தியப் பிரமாணம் எடுத்துக்கொண்ட நாள் அது. சேர்ந்த நாளுக்குரிய இடத்தில் பிரமாண நாள் இடம்பெற்றுள்ளது; அதனைப் பென்ஷன் ஆணையில் உள்ளபடி திருத்தித் தருமாறு வேண்டுகிறேன். அவ்வளவுதான். நடந்ததும் அதுதான். நீங்கள் நிதானமாகப் படித்தீர்கள். 'தவறு' எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவதுபோல் இரண்டாம் முறையும் படித்தீர்கள். மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். "இப்பவும் என்னுதுதான், பாத்துக்கோ" என்றார். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். அம்மா உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டாள்.

பதில் வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். இதை நீட்டி எழுத மாட்டேன். ஐப்பசி மழையில் செக்யூரிட்டி வேலையின் காலை ஷிப்டை முடித்து, கேட்டை அடுத்தவரிடம் ஒப்படைத்து, மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்களாம். பிறகு எழுந்திருக்கவில்லை. டூட்டியை முடித்துவிட்டுத்தான் போனார் என்று உங்கள் சூப்பர்வைசர் திரும்பத் திரும்பச் சொன்னார். அது எங்களுக்கு ஆறுதல் என்று அவர் நினைத்தார். உண்மையிலேயே ஆறுதலாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு நாள், மனுவோடு அனுப்பிய புத்தகம் பதிவுத் தபாலில் திரும்பி வந்தது. உறையின் மேல் பதவியோடு உங்கள் பெயர். அம்மா என்னைத்தான் பிரிக்கச் சொன்னாள். பழைய தேதியை அவர்கள் அழிக்கவில்லை அப்பா. அதன் மேல் சிவப்பு மையில் ஒற்றைக் கோடு இழுத்து, பக்கத்தில் சரியான தேதியை எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்திருக்கிறார்கள். அடித்த எழுத்தும் தெளிவாகப் படிக்கத் தெரிகிறது. உங்களுடைய இரண்டு நாளும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. இப்படித்தான் திருத்துவார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் அந்த ஒரு வாரத்தை வீணாக்கியிருக்க மாட்டீர்கள்.

தேவா மாமாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடி இல்லை, நீ படி என்றார். படித்தேன். "இன்னொரு தபா படி பாப்பா." மறுபடி படித்தேன். "கரெக்டு. அன்னிக்கு மத்தியானம் சோறுகூட போடலடா எங்களுக்கு" என்று எனக்குச் சொல்வதுபோல் உங்களுக்குச் சொன்னார். அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தரச் சொல்லி வாங்கி, வண்டியின் ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கத்தில் அவர் பெயர் எங்கும் இல்லை. இருந்தும் போலீஸ் வண்டியை நிறுத்திக் காகிதம் கேட்டால் முதலில் அதைத்தான் நீட்டுகிறாராம்.

அம்மாவுக்குக் குடும்ப பென்ஷனும் அதன் பிறகு அட்டையும் எந்தக் கேள்வியும் இல்லாமல் வந்தன. அதே மேடம்தான் வாங்கிக்கொண்டார். இரண்டு தேதியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "இப்ப கரெக்டா இருக்கும்மா" என்றார்.

இப்போது எங்கள் தெருவில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். பட்டாவில் பெயர், ஆதாரில் பிறந்த நாள், பி.எஃப். கணக்கில் அப்பா பெயர் என்று ஏதாவது ஒன்று. நான் உடனே எழுத ஆரம்பிப்பதில்லை. "இதுல எத நீங்க வுட மாட்டீங்க?" என்று முதலில் கேட்கிறேன். முதலில் விழிக்கிறார்கள், பிறகு சொல்கிறார்கள். அதற்கு ஓர் இடம் ஒதுக்கிவிட்டு எழுதினால் கையெழுத்து தானாக விழுகிறது. இந்தக் கேள்வியை நீங்கள் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு வாரம் பிடிவாதம் பிடித்தீர்கள், அதிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். கல்லூரிக்குப் போனாலும், வேலைக்குப் போனாலும் இது என்னோடு வரும்.

இங்கே நிறுத்திவிட்டு எழுந்து போனேன் அப்பா. கதவு திறந்தது. பச்சை உடையில் ஒரு சிஸ்டர் வந்து அம்மாவின் பெயரைச் சொன்னார். நான் கையைத் தூக்கினேன். "நல்லபடியா முடிஞ்சுதும்மா. வால்வு நல்லா வேலை செய்யுது. சாயங்காலம் ஐ.சி.யூ.வுல பாக்கலாம்" என்றார். உட்கார முடியாமல் கீழே டீக்கடையில் நின்றுகொண்டிருக்கும் தேவா மாமாவுக்கு போன் போட்டேன். "ஏறி வந்துகினே இருக்கேன்" என்கிறார். படியில் அவர் கால் இழுபடும் சத்தம் கேட்கிறது.

ஆபரேஷன் அறைக் கதவுக்கு மேலே காலையிலிருந்து எரிந்துகொண்டிருந்த சிவப்பு விளக்கை அணைத்துவிட்டார்கள்.