பொக்லைனை நிறுத்திய பூ

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் சுகம்தானே? என் அம்மாவின் மூட்டுவலி தேவலையா?

இங்கே காட்டுக்குள் பாதை போடுகிறோம். குளிர் விட்டதும் மரத்தடியெல்லாம் நகத்தளவு வெள்ளைப் பூக்கள். நேற்று அவற்றின்மேல் பொக்லைனை ஏற்றப் போனேன். மேஸ்திரி ஓடிவந்தார்.

"நிறுத்துப்பா! அபூர்வப் பூவாம், உதிர்ற வரைக்கும் இங்க வேலை கூடாதுன்னு உத்தரவு."

"அப்போ நான் ஊருக்குப் போயிட்டு வரட்டுமா?"

"அதெப்படி? வேற இடத்துல வேலை இருக்குல்ல!"

பாப்பா பிறந்தபோது லீவு தராதவரும் இவர்தான். சிரிப்பதா அழுவதா, புரியவில்லை. குனிந்து பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது; கோபப்படவும் முடியவில்லை.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்புக் கடைக்காரர் அளவு கேட்டபோது, எனக்குக் கையால் காட்டத் தெரியவில்லை.

வேலைக்கு அழைத்துப்போகும் வண்டி வந்துவிட்டது.

உன் வீட்டுக்காரன்