மச்சான் மடியில் உட்கார வேண்டிய பிள்ளை

வாய் நிறைய "மாப்ள" என்று கூப்பிட்ட என் மச்சானுக்கு,

நேற்று உங்க மருமகளுக்குக் காது குத்தியாச்சு. நீங்க அவளைப் பார்த்ததில்லை. உங்க தங்கச்சி வயிற்றில் அவள் இருக்கும்போதே போய்விட்டீங்க. மூக்கு உங்க மூக்குதான், கொஞ்சம் சப்பை. கோபித்துக்கொள்ளாதீங்க.

நாம் வெட்டிய அந்தக் கிணற்றில் இப்போது தண்ணீர் நிற்கிறது. கரண்டு வந்து பம்புசெட் ஓடுகிறது, சுற்றிலும் பருத்தி போட்டிருக்கிறார்கள். அன்றைக்குப் பாறையை உடைக்க வைத்த வேட்டில் ஒன்று வெடிக்காமல் கிடந்தது. "நீ மேலயே நில்லு மாப்ள, நான் பாத்துட்டு வாரேன்" என்று இறங்கினீங்க. நின்றேன். நீங்க அடியில் கால் வைத்த பிறகுதான் அது வெடித்தது.

உங்க காரியத்துக்கு எல்லாரும் அழுதார்கள். எனக்கு வரவில்லை. இன்றைக்கு வரைக்கும் வரவில்லை. சோறு தின்கிறேன், ருசி தெரியவில்லை. யாராவது சிரித்தால் நானும் சிரித்து வைக்கிறேன். உள்ளே ஒன்றுமே இல்லை, மச்சான்.

மனசு இப்படிக் கிடக்க, உடம்பு மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தட்டு விழுந்தால் தூக்கிவாரிப் போடுகிறது. பின்னாலிருந்து யாராவது தோளைத் தொட்டால் கத்திவிடுகிறேன். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு லாரி டயர் வெடித்தபோது, பக்கத்தில் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் வெள்ளரிக்காய்க் கூடை மேலேயே விழுந்தேன். அவள் திட்டிய திட்டை நீங்க கேட்டிருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பீங்க. பள்ளிவாசலில் ஓதி வாங்கிய கயிற்றைக் கட்டிவிட்டாள் எங்க அம்மா. கயிறு கையில் இருக்கிறது. உடம்பு அப்படியேதான்.

வீட்டில் எனக்காகச் சத்தத்தையே நிறுத்திப் பார்த்தார்கள். உங்க தங்கச்சி பூனை மாதிரி நடந்தாள். வருகிறவர்களிடம் வாயில் விரல் வைத்துக் காட்டினாள். பாசம்தான். ஆனால் நமக்குத் தெரியுமே: "வேட்டேய், வேட்டு" என்று ஊருக்குக் குரல் கொடுத்து, திரியில் தீ வைத்து, ஏறி ஓடி வந்து நின்ற பிறகு எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போமே, வீடு அந்த மாதிரி ஆகிவிட்டது. இந்தா வெடிக்கப் போகிறது என்றே பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

மில் சங்குக்கு மட்டும் நான் அசைவதில்லை. அதென்ன சின்னச் சத்தமா? எப்போது ஊதும் என்று தெரியும், அவ்வளவுதான். இதை உங்க தங்கச்சியிடம் சொன்னேன். மறுநாள் காலையில் கம்பு குத்த உலக்கையை எடுத்தவள், உங்களை மாதிரியே இழுத்து, "வேட்டேய், வேட்டு" என்றாள். பிறகுதான் குத்தினாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள்தான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்போது குடத்தை இறக்கினாலும் வேட்டுதான், கதவைச் சாத்தினாலும் வேட்டுதான்.

ஆனால் பிள்ளை சொல்லிவிட்டா அழும்? நினைத்த நேரம் வீரிடுவாள். எங்கே கீழே போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் அவளை நான் தூக்கினதே இல்லை. தவழ்ந்தாள், எழுந்து நின்றாள், எல்லாவற்றையும் தள்ளி உட்கார்ந்து பார்த்தேன்.

காதுகுத்துக்கு யார் மடி என்று பேச்சு வந்தது. தாய்மாமன் மடிதானே முறை? உங்க பெரியப்பா மகனைக் கூப்பிடலாம் என்றார்கள். உங்க தங்கச்சி ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்கண்ணன் மடி இல்லைன்னா இவிய மடிதான்."

"ஏட்டி, ஊசி காதுல நிக்கும்போது நான் துள்ளிட்டா?"

"துள்ளுனா துள்ளுங்க. பெத்த பிள்ளைய எப்பத்தான் தொடப் போறிய?"

ஆசாரிக்கும் பயம்தான். "அண்ணாச்சி, நான் சொல்லிட்டுத்தான் குத்துவேன். கெட்டியா இருங்க" என்றார். பிள்ளையை மடியில் வைத்தார்கள். இவ்வளவு கனமாக இருப்பாள் என்று நான் நினைக்கவில்லை.

"குத்துதேன்" என்றார், குத்தினார். எனக்குத்தான் சொன்னார். அவளுக்கு யார் சொன்னது? அவளுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு கையையும் விரித்து, மூச்சு நின்று, கண்ணை அகல விழித்தாள். நான் பதறுவது பார்க்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அப்புறம் வீரிட்டாள். எனக்கும் தூக்கிப் போட்டது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் கை விரியவில்லை. தானாகவே இறுகிக்கொண்டது. அடுத்த காதுக்கு அவளே என் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

இன்னும் எனக்கு அழுகை வரவில்லை. இனி வருமா? வராவிட்டால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமா?

அவள் பெரியவளானால் தாய்மாமன் சீரை உங்க பேரைச் சொல்லி நானே கொண்டுவந்து இறக்குவேன். அதுவரைக்கும் இந்த உடம்பு எத்தனை தடவை தூக்கிப் போட்டாலும் போடட்டும். பிள்ளையைக் கீழே விடமாட்டேன், மச்சான்.

உங்க தங்கச்சி வீட்டுக்காரன்,
உங்க மருமகளைப் பெற்ற அப்பன்