ஒடிலின் பத்தியம்

பிப்ரவரி 17, 1976, செவ்வாய்

குழந்தைக்கு என்ன வியாதி என்று கடைசியில் ஒருவர் கண்டுபிடித்துவிட்டார். தோள்வரை முடி வளர்த்த டாக்டர், கழுத்தில் டை கூடக் கிடையாது. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ் இவை ஒடிலின் குடலைப் புண்ணாக்குகின்றனவாம். ஒரு துணுக்குக்கூட ஆகாது. நான்கு வயதுப் பெண்; கைகால் குச்சி, வயிறு மட்டும் பானை. இலையுதிர் காலத்திலிருந்து ஓயாத பேதி. அவள் அம்மா லிசெட் இத்தனை நாளும் செய்த வைத்தியம், காற்று போன ஜிஞ்சர் ஏலும் உப்பு பிஸ்கட்டும். மேல்வீட்டில் சமையல் என்றால் டப்பா திறப்பது என்று பொருள்.

ரெஜான் என் கணவருடைய தங்கை மகன் என்பதால்தான் என் மேல்மாடியில் குடியிருக்கிறார்கள். அவன் காகித ஆலையில்; அவள் துணிக்கடையில் காலுறை விற்கிறாள். பகலெல்லாம் குழந்தை பக்கத்துத் தெருக்காரி ஒருத்தியின் தொலைக்காட்சிக்கு முன்னால். ஈஸ்டருக்குள் எடை ஏறாவிட்டால் மொன்ட்ரியால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கு வழியாகக் குழாய் விட்டு ஊட்ட வேண்டிவரும் என்கிறார் டாக்டர்.

மாலையில் மேலே போனேன். நாளை முதல் ஒடில் பகலில் என்னிடம், சாப்பாடு என் சமையலறையில் என்றேன். லிசெட் வாய் திறப்பதற்குள் ரெஜான் தலையாட்டிவிட்டான். அவனுக்கு அது ஒன்று நன்றாக வரும்.

பிப்ரவரி 20, வெள்ளி

மாவு டப்பாவைக் காலி செய்து வெயிலில் கவிழ்த்தேன். பாத்திரங்களைச் சோடா போட்டுக் கொதிக்க வைத்தேன். அரிசி, உருளைக்கிழங்கு, கேரட், வாழைப்பழம், முள் நீக்கிய மீன், தோல் உரித்த கோழி. சாசேஜில் ரொட்டித்தூள் கலக்கிறாயா என்று கசாப்புக்காரனைக் கேட்டேன். கொஞ்சம்தான் என்றான். எல்லா அயோக்கியத்தனமும் கொஞ்சம்தான்.

ஒடில் தட்டைக் காலி செய்து, 'அருள் நிறைந்த மரியே'யைப் பிழையில்லாமல் சொன்னால் ஒரு கைப்பிடி ஓஸ்தி ஓரம் பரிசு. பூசையில் நாவில் வைக்கும் ஓஸ்தியை வட்டமாக வெட்டிய பிறகு மிஞ்சுவதைக் கன்னியர் மடத்தில் காகிதப் பையில் போட்டு விற்கிறார்கள். அர்ச்சிக்கப்படாதது; இந்த ஊரில் யார்தான் அதைத் தின்று வளரவில்லை? சாக்லேட் கேட்டு அழுகிற பிள்ளைக்கு இதைவிடச் சுத்தமான பரிசு கிடையாது. நாவில் வைத்தால் போதும், கரைந்துவிடுகிறது.

மார்ச் 3, சாம்பல் புதன்

புதுச் சாமியார் கித்தாருடன் தவக்காலத்தைத் தொடங்கி வைத்தார். ஒடிலுக்கு இரவெல்லாம் பேதி. மேலே என்ன கொடுத்தார்களோ.

மார்ச் 11, வியாழன்

கையும் களவுமாகப் பிடித்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து ரெஜான் பீர் குடிக்கிறான். மடியில் ஒடில், மேலுதட்டில் வெள்ளை நுரை.

"நுரைதானே அத்தை. அதுல என்ன இருக்கு, வெறும் காத்து."

"பீர் எதுல செய்யறாங்கன்னு இருபது வருஷமா குடிக்கிற உனக்குத் தெரியாதா?"

யோசித்தான். உண்மையிலேயே யோசித்தான். பார்லி என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. கண்ணுக்குக் கனமாகத் தெரியாவிட்டால் அது உணவே இல்லை என்று முடிவு கட்டுகிற புத்தி. அவன் அம்மாவுக்கும் அதே புத்திதான். என் கணவர் ஆவரிஸ்த் உயிரோடு இருந்திருந்தால் மருமகனுக்காக வெட்கப்பட்டிருப்பார்.

குழந்தையின் வாயைத் துடைத்துக் கீழே தூக்கி வந்தேன். அழுதாள். ஜெபம் சொல்ல வைத்து, ஓஸ்தி ஓரம் கொடுத்துத் தூங்கப் பண்ணினேன்.

மார்ச் 22, திங்கள்

வயிறு முரசு மாதிரி. என் சமையலில் குற்றம் இல்லை.

ஏப்ரல் 1, வியாழன்

எடை இறங்கியிருக்கிறது.

ஒடில் வாயில் போவதை எல்லாம் சொல்லச் சொன்னார் டாக்டர். சோறு, கிழங்கு, மீன், பழம், வேகவைத்த ஆப்பிள் என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில் கூட இவ்வளவு சுத்தமாக முடியாது என்றார். பிறகு, எங்கிருந்தோ கோதுமை போகிறது என்று சொல்லிவிட்டு லிசெட்டைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ரெஜானும். அவள் குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தாள். போட்ட பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டாள்.

ஈஸ்டர் வரை தவணை. அதற்குப் பிறகு மொன்ட்ரியால்.

ஏப்ரல் 3, சனி

மேல்வீட்டு அலமாரிகளைச் சோதித்தேன். நான் போகாமல் வேறு யார் போவார்கள்? காபி டப்பாவுக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் பாக்கெட், பாதி காலி.

"இது யாருக்கு?"

"எனக்குத்தான் மதாம். வேலை விட்டு வந்து, அவ தூங்கின பிறகு நின்னுக்கிட்டே ரெண்டு தின்பேன்."

தூங்கினாளா இல்லையா என்று தொலைக்காட்சி பார்க்கிறவளுக்கு எப்படித் தெரியும் என்றேன். லிசெட் பாக்கெட்டை என் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தாள்.

"என் பிள்ளைக்கு நானே விஷம் வெக்கிறேன்னு சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் வெக்கணும்னு இல்ல."

ரெஜான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் என் பக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 5, திங்கள்

லிசெட் லீவு போட்டுவிட்டு, குழந்தையோடு ஷவினிகனில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். படியிறங்கும்போது என் கதவைத் தட்டினாள்.

"நீங்க சமைச்சதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு மதாம். என் பொண்ணுதான் நல்லா இல்ல."

அந்த அக்கா கிலேன் வீட்டை ஒரு கல்யாணத்தின்போது பார்த்திருக்கிறேன். ஏழு பிள்ளைகள், சோபாவில் நாய், அடுப்பில் நாள் முழுக்க எண்ணெய்ச் சட்டி, கதவுக் கைப்பிடியில் கூட மாவு. ஒரு வாரத்தில் ஆம்புலன்ஸில் திரும்பி வருவாள்.

ஏப்ரல் 11, குருத்தோலை ஞாயிறு

ரெஜான் ஷவினிகன் போய் வந்தான். ஒடில் தேறிவிட்டாளாம். இரவு முழுக்கத் தூங்குகிறாளாம், வயிறு வற்றிவிட்டதாம், நாயைத் துரத்திக்கொண்டு ஓடுகிறாளாம்.

அந்த வீட்டில்!

"கிலேன் எல்லாருக்கும் ஒரே சமையல் பண்றா அத்தை. மொத்த வீடும் கிழங்கும் சோறும்தான். ரொட்டி வேணும்னா பிள்ளைங்க கராஜுக்குப் போய் நின்னு தின்னுட்டு, வாயக் கழுவிட்டு உள்ள வரணும்."

கராஜில் ரொட்டி. காட்டுமிராண்டிகள். ஆனால் பிள்ளை ஓடுகிறாள்.

நான் கொடுக்காத எதை அவர்கள் கொடுக்கிறார்கள்? இரவு முழுக்க அதையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 15, பெரிய வியாழன்

மடத்துப் பள்ளியில் ஞானோபதேச வகுப்பில் எனக்கு ஆறு வருடமும் முதல் பரிசு. மதர் என்னை எழுப்பித்தான் மற்றவர்களுக்குப் பதில் சொல்லச் சொல்வார். ஓஸ்தி எதனால் செய்யப்படுகிறது? கோதுமையால். கலப்பில்லாத கோதுமையால், வேறெதனாலும் அல்ல. வேறொன்று கலந்தால் அது ஓஸ்தியே அல்ல.

இன்று மாலைப் பூசையில், நாவில் அது கரையும்போது—

எழுந்து நடக்கத்தான் செய்தேன். இடத்துக்கு வந்து மண்டியிட்டேன். ஜெபம் வரவில்லை.

தினமும். என் கையால். தட்டைக் காலி செய்ததற்கு ஒரு கைப்பிடி, மரியே சரியாகச் சொன்னதற்கு ஒரு கைப்பிடி. அவள் அழுதால் இன்னும் கொஞ்சம். டாக்டர் கேட்டபோது என் வாயில் ஏன் வரவில்லை? மறைத்தேனா? இல்லை. அது எனக்குச் சாப்பாட்டுக் கணக்கிலேயே இல்லை. அதைப் போய் யாராவது மாவு என்பார்களா? மாவுதான். மாவும் தண்ணீரும், வேறொன்றும் இல்லை.

நுரையைக் காற்று என்றவனை முட்டாள் என்றேனே.

ஏப்ரல் 16, பெரிய வெள்ளி

உபவாசம். வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 17, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் சிரித்தேவிட்டார். "இது பாவமே இல்ல மதாம் லமோத். மறதி. வீட்டுக்குப் போய் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க, போதும்." அதே ஜெபம். கடையில் தள்ளுபடி கொடுப்பதுபோல மன்னிக்கிறார்கள் இப்போதெல்லாம். வயிறு நொந்தது அவருக்கா, அவர் மன்னிக்க?

வீட்டுக்கு வந்து யோசித்தேன். சொல்லாமலும் இருக்கலாம். பிள்ளை தேறிவிட்டாள், எடை ஏறிவிடும், மொன்ட்ரியால் தேவையிருக்காது. ஓஸ்தி ஓரப் பையை அடுப்பில் போட்டால் முடிந்தது. ஒரு பேச்சு இருக்காது.

கோதுமை கொடுத்தது லிசெட் என்று மட்டும் இருந்துவிடும். ரெஜான் ஆயுள் முழுக்க அவளை ஆஸ்பத்திரியில் பார்த்த பார்வையே பார்ப்பான். ஒடில் பெரியவளானதும் யாராவது அவளிடமும் சொல்வார்கள்.

எனக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்காது. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஏப்ரல் 18, ஈஸ்டர்

காலைப் பூசை முடிந்து, தொப்பியோடும் கையுறையோடும் ஷவினிகன் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்தவனிடம் வழிநெடுக வெங்காய வாசம்.

கிலேன் வீட்டுச் சமையலறையில் எல்லோரும் இருந்தார்கள், ரெஜானும். நாய் என் பாவாடையை மோந்தது. உட்காரச் சொன்னார்கள். நின்றுகொண்டே சொன்னேன். பாதியில் எனக்கு வழக்கமான பேச்சு வரவில்லை, வாக்கியம் குழறியது. திரும்ப முதலிலிருந்து தொடங்கி ஒழுங்காகச் சொல்லி முடித்தேன்.

"எத்தனை நாளா?" என்றாள் லிசெட்.

"மொத நாள்லேர்ந்து."

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ரெஜானைப் பார்த்தாள்.

"கேட்டியா?"

அவ்வளவுதான். ரெஜானின் காது சிவந்தது. எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றான். என்ன செய்வது என்று தெரியாமல் அவள் தட்டை எடுத்துக் கழுவப் போனான். அவள் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை.

கிலேன்தான் ஒரு நாற்காலியை என் முழங்கால்வரை தள்ளினாள். "உக்காருங்க மதாம். பன்றித்தொடை இருக்கு, கிழங்கு இருக்கு. ரொட்டி வேணும்னா கராஜுக்குத்தான் போகணும்." பிள்ளைகள் சிரித்தன. உட்கார்ந்தேன். இறைச்சி அதிகம் வெந்துவிட்டது.

மே 3, திங்கள்

டாக்டர் எடைக் கல்லை நகர்த்திக்கொண்டே போனாராம். மொன்ட்ரியால் போக வேண்டியதில்லை.

ஒடிலை மறுபடி பக்கத்துத் தெருக்காரியிடம்தான் விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். காலை ஏழரைக்குக் கதவு தட்டியது. லிசெட், ஒரு கையில் பிள்ளை, மறு கையில் மூடி போட்ட டப்பா.

"மத்தியானத்துக்கு இது. இதத் தவிர வேற எதுவும் வேண்டாம் மதாம்."

"சரி" என்றேன். பிறகு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், என்னிடம் ஏன் விடுகிறாய் என்றும் கேட்டேன்.

"இனிமே நீங்க ஒரு துணுக்கு குடுக்க மாட்டீங்க. வேற யாரைப் பத்தியும் எனக்கு அவ்வளவு நிச்சயமாத் தெரியாது." பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். குட்டைப் பாவாடை.

மத்தியானம் சூடு பண்ணி ருசி பார்த்தேன். கிழங்கு குழைந்திருந்தது, கேரட் கடுக்கென்றிருந்தது, உப்பு போதவில்லை. உப்புச் சாடி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.

அப்படியே தட்டில் போட்டுக் கொடுத்தேன். முழுவதும் சாப்பிட்டாள்.